‘யெல்லோஃபேஸ்’ நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர். எஃப். குவாங் எழுதி 2023 மே மாதம் வெளிவந்த ‘யெல்லோஃபேஸ்’, ஓர் எழுத்துத் திருட்டைத் திருடியவளே நமக்குச் சொல்லும் நாவல். படித்தவர்களிடமும் படிக்கலாமா என்று யோசிப்பவர்களிடமும் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். ஒரு எச்சரிக்கை: கதையை முழுவதுமாக உடைத்துத்தான் பேசியிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே குற்றம் நடந்துவிடுகிற கதை என்பதால் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் எண்ணம். கவலைப்படுபவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன?

ஜூன் ஹேவர்டும் அதீனா லியூவும் யேல் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இருவரும் எழுத்தாளர்கள். அதீனா சீன வம்சாவளி அமெரிக்கப் பெண். தொட்டதெல்லாம் துலங்குகிறது, பரிசுகள் குவிகின்றன. ஜூன் வெள்ளைக்காரப் பெண். அவளுடைய முதல் நாவல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் ஒன்று கிடைத்ததைக் கொண்டாடும் இரவில், வாஷிங்டனில் தன் வீட்டிலேயே பான்கேக் தொண்டையில் சிக்கி அதீனா இறந்துபோகிறாள். கூடவே இருந்தவள் ஜூன். அங்கிருந்து கிளம்பும்போது அவள் கையோடு ஒரு தட்டச்சுப் பிரதி வருகிறது. முதல் உலகப் போரில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பற்றி அதீனா எழுதி, இன்னும் யாருக்கும் காட்டாத நாவல் அது. ஜூன் அதைத் திருத்தி எழுதித் தன் படைப்பாக, ‘ஜூனிபர் சாங்’ என்ற பெயரில் வெளியிடுகிறாள். ‘த லாஸ்ட் ஃப்ரன்ட்’ என்ற அந்தப் புத்தகம் விற்பனைப் பட்டியலில் ஏறுகிறது. அப்புறம் ‘அதீனா லியூவின் ஆவி’ என்ற பெயரில் ட்விட்டரில் ஒரு கணக்கு முளைத்து, இது திருட்டு என்கிறது.

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

ஆசிய முகம் போல ஒப்பனை போட்டுக்கொண்டு வெள்ளைக்கார நடிகர்கள் ஆசியப் பாத்திரங்களில் நடித்த வழக்கத்துக்கு அமெரிக்காவில் இந்தப் பெயர். 1937இல் வந்த ‘த குட் எர்த்’ படத்தில் சீன விவசாயியின் மனைவியாக நடித்தவர் லூயிஸ் ரெய்னர். அதற்காக அவருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அந்தப் பாத்திரத்தின் மேல் ஆசை வைத்திருந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கு அது கிடைக்கவில்லை. நாவலில் யாரும் முகத்தில் சாயம் பூசிக்கொள்வதில்லை. பெயரும் அட்டையில் வரும் புகைப்படமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

எழுதியவரைப் பற்றி?

1996இல் சீனாவின் குவாங்சோவில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர். இதற்கு முன் எழுதியவை மிகைபுனைவு நாவல்கள். ‘த பாப்பி வார்’ வரிசையும் ‘பேபல்’ நாவலும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. சமகால வாழ்வை நேரடியாக எழுதியது இதுதான் முதல் முறை. அதீனாவுக்கும் குவாங்குக்கும் இருக்கும் ஒற்றுமைகள் யார் கண்ணிலும் படும்: இருவரும் இளம் வயதில் புகழ் பெற்றவர்கள், இருவருக்கும் யேல் தொடர்பு உண்டு. ஆக, தன்னைப் போன்ற ஒருத்தியை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிட்டு, அவள் மேல் பொறாமைப்படுபவளின் வாயில் கதையைப் போட்டிருக்கிறார். துணிச்சல்தான்.

பிரதியில் பாதியை ஜூன்தானே திருத்தி எழுதினாள்? அப்படியிருக்க அது முழுத் திருட்டு ஆகுமா?

நாவலைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் இதுதான் அதிகம். கேட்பவர்கள் பலர் ஜூன் மேல் கொஞ்சம் இரக்கத்தோடுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வைத்ததில்தான் குவாங்கின் சாமர்த்தியம் இருக்கிறது.

ஜூன் சொல்வதை வரிசையாகப் பாருங்கள். முதலில், சும்மா படித்துப் பார்க்கத்தான் எடுத்தேன் என்கிறாள். அடுத்து, அரைகுறையாகக் கிடக்கிற ஒரு நல்ல நாவலை முடித்து வைப்பது தோழிக்குச் செய்யும் மரியாதை என்கிறாள். பிறகு உட்கார்ந்து வேலை செய்கிறாள், நிஜமாகவே செய்கிறாள். வரலாற்று நூல்களைப் படிக்கிறாள், இடைவெளிகளை நிரப்புகிறாள், வாக்கியங்களைச் செதுக்குகிறாள். இத்தனை நாள் எழுதவே வராமல் கிடந்தவளுக்கு இப்போது எழுத்து கூடிவருகிறது. அந்த மகிழ்ச்சியில் பொய் இல்லை. அந்த இடத்தில்தான் ‘இது என்னுடையது’ என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. உழைத்தவளுக்குத்தானே சொந்தம்?

நம் மரபில் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிவை ஏற்றுக்கொண்டு, தான் விரும்பும் வேறுபாடுகளையும் சேர்த்துப் பின்னால் வருபவர் செய்வது வழிநூல். அது இழிவான வேலை இல்லை, கௌரவமான வேலை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு முதல்நூல் இருக்கிறது என்பதை யாரும் மறைப்பதில்லை. ஜூன் செய்த உழைப்பு ஒரு வழிநூலுக்கு உரியது. அட்டையில் அதீனாவின் பெயரைப் போட்டு, கீழே ‘நிறைவு செய்தவர் ஜூன் ஹேவர்ட்’ என்று அச்சிட்டிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த யோசனை அவளுக்கு வராமலும் இல்லை. அப்படிச் செய்தால் புகழ் அதீனாவுக்குத்தான் போகும் என்பதால் தள்ளிவிடுகிறாள். திருட்டு எது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். பரிமாறிய கை தன் வீட்டுக் கை என்பதற்காக நெய் யாருடையது என்ற கேள்வி மறைந்துவிடாது.

அமெரிக்கச் சட்டப்படி இது என்ன குற்றம்?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று சொல்வது எழுத்துத் திருட்டு. அது நேர்மை பற்றிய பிரச்சினை, அந்தப் பெயரில் தனிச் சட்டம் கிடையாது. அனுமதி இல்லாமல் நகலெடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல், அதற்குத்தான் நீதிமன்றம். பதிப்புரிமை, எழுத்து தாளில் ஏறிய நொடியிலேயே பிறந்துவிடுகிறது. அச்சாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் அது எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். இறந்தபின் உரிமை வாரிசுக்குப் போகும். அதாவது, இந்தக் கதையில் சட்டப்படி சொத்தைப் பறிகொடுத்தவர் அதீனாவின் தாய்.

ஆனால் கருவுக்கும் வரலாற்றுச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை. சொன்ன விதத்துக்கு மட்டும்தான். சீனத் தொழிலாளர்களைப் பற்றி ஜூன் முதல் வரியிலிருந்து தானே ஒரு நாவல் எழுதியிருந்தால் யாரும் வழக்குப் போட்டிருக்க முடியாது. அதே நூலகம் அவளுக்கும் திறந்துதான் இருந்தது.

பதிப்பகத்துக்குச் சந்தேகமே வரவில்லையா?

வரவில்லை. வரவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. ஒப்பந்தத்தில் எழுத்தாளர் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று உறுதி கொடுக்கிறார். பிரச்சினை வந்தால் இழப்பும் தன் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறார். பொதுவாக நாவல்களைப் பொறுத்தவரை பதிப்பகத்தின் சரிபார்ப்பு அந்தக் கையெழுத்தோடு முடிந்துவிடும். அதீனா தட்டச்சுப் பொறியில் எழுதுபவள், முடிக்கும்வரை யாரிடமும் காட்டாதவள் என்பதால் கணினியில் நகலும் கிடையாது. கதைக்காகச் செய்த வசதியான ஏற்பாடு என்று தோன்றலாம். தோன்றினால் தவறில்லை.

இதற்கு மேல் பணக் கணக்கு இருக்கிறது. எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேரம் பேசும் முகவருக்கு அமெரிக்காவில், எழுத்தாளரின் வருமானத்திலிருந்து வழக்கமாக 15 சதவீதம். எழுத்தாளருக்குக் கெட்டி அட்டைப் பதிப்பில் 10 சதவீதத்தில் தொடங்கி 15 வரை ராயல்டி. முன்பணம் கழிந்த பிறகுதான் அதுவும் கைக்கு வரும். பெரிய முன்பணம் கொடுத்து வாங்கிய புத்தகத்தை ஓட வைத்தே தீர வேண்டிய நிலையில் பதிப்பகம் இருக்கிறது. விளம்பரம், அட்டை, விற்பனைக் குழு எல்லாம் அந்தப் பக்கம் சாய்கின்றன. நாவலின் நடுப்பகுதியில் குற்றச்சாட்டு கிளம்பும்போது எடிட்டர் டேனியெல்லாவும் முகவர் பிரெட்டும் ஜூனிடம் ஒரே ஒரு முறை கேட்கிறார்கள்: நீ செய்யவில்லையே? அவள் இல்லை என்கிறாள். அவர்களுக்கு அந்தப் பதில் போதும். தோண்டினால் என்ன வரும் என்று தெரிந்தவர்கள் தோண்ட மாட்டார்கள்.

‘ஜூனிபர் சாங்’ என்ற பெயர் பொய்ப் பெயரா?

பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. ஜூனிபர் அவளுடைய முழுப் பெயர். சாங் அவளுடைய நடுப்பெயர். ஹிப்பி மனநிலையில் இருந்த அம்மா பாட்டு என்ற பொருளில் வைத்தது. சீனாவில் அது ஒரு குடும்பப் பெயராகவும் இருப்பது தற்செயல். பதிப்பகம் அதை அட்டையில் போடுகிறது, இனம் சட்டென்று பிடிபடாத ஒரு படத்தையும் எடுக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. வாசகர் தப்பாக நினைத்துக்கொண்டால் அது வாசகரின் தவறு என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

நிஜத்தில் இதைவிட மோசமாகவே நடந்திருக்கிறது. ‘த பெஸ்ட் அமெரிக்கன் பொயட்ரி’ தொகுப்பின் 2015ஆம் ஆண்டு இதழில் யி-ஃபென் சௌ என்ற பெயரில் ஒரு கவிதை வந்தது. எழுதியவர் மைக்கேல் டெரிக் ஹட்சன் என்ற வெள்ளைக்காரர். சொந்தப் பெயரில் 40 முறை திரும்பி வந்த கவிதை, சீனப் பெயரில் 9 முறை திரும்பி வந்தபின் பிரசுரமானது என்று அவரே அந்தத் தொகுப்பின் குறிப்பில் எழுதினார். ஜூன் மாதிரி ஆட்களுக்கு இந்தக் கணக்கு இனிக்கும். சிறுபான்மையினருக்குத்தான் இப்போது வாய்ப்பு என்று அவளும் நாவல் முழுக்கப் புலம்புகிறாள்.

அந்தப் புலம்பலுக்குப் பக்கத்தில் வேறு எண்களையும் வைக்கலாம். லீ அண்ட் லோ பதிப்பகம் எடுத்த கணக்கெடுப்பில், அமெரிக்கப் பதிப்புத் துறையில் இருப்பவர்களில் 2015இல் 79 சதவீதம் பேரும் 2019இல் 76 சதவீதம் பேரும் வெள்ளையர்கள். 2020 ஜூனில் எழுத்தாளர்கள் தங்கள் முன்பணத் தொகையை ட்விட்டரில் வெளிப்படையாகப் போட்டபோது, விருது வாங்கிய கறுப்பின எழுத்தாளர்கள் சிலர் பெற்றது, பெயர் தெரியாத வெள்ளை எழுத்தாளர்களின் முதல் நூலுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு என்று ஊருக்கே தெரிந்தது.

கேண்டிஸ் லீ சிறு பாத்திரம்தானே, ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

கேண்டிஸ் பதிப்பகத்தின் உதவி எடிட்டர், ஆசிய வம்சாவளிப் பெண். வெளியிடும் முன் சீனப் பின்னணி உள்ள ஒருவரை வைத்துப் பிரதியைப் படிக்கச் சொல்லலாம் என்கிறாள். புண்படுத்தும் இடங்கள், பண்பாட்டுப் பிழைகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் வாசிப்பு அது; அமெரிக்கப் பதிப்பகங்களில் இப்போது வழக்கமான வேலை. ஜூன் மறுக்கிறாள். அந்த ஒரு யோசனையிலிருந்து கேண்டிஸின் வேலை ஆட்டம் காணத் தொடங்குகிறது. கடைசியில் வேலையே போகிறது.

இதைப் படிக்கும்போது ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த நாவலை அமெரிக்காவில் வெளியிட்ட வில்லியம் மாரோ, ஹார்ப்பர்காலின்ஸின் ஒரு கிளை. நாவல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சுமார் மூன்று மாதம் நடந்தது. ஆண்டுக்கு 45,000 டாலராக இருந்த ஆரம்பச் சம்பளத்தை 50,000 ஆக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. நியூயார்க்கில் அந்தப் பணத்தில் வாடகை கொடுத்து வாழ்பவர்கள்தான் கேண்டிஸ்கள். பிரதியில் ஏதோ சரியில்லை என்று முதலில் மூக்கில் வாசனை படுவது அவர்களுக்குத்தான், அதைச் சொன்னால் முதலில் வெளியே போவதும் அவர்கள்தான். என் கணிப்பில் நாவலின் நடுநாயகம் இவள்தான். குவாங் இவளுக்கு இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம்.

அதீனா மட்டும் நல்லவளா?

இல்லை. கல்லூரி முதலாண்டில் ஒருவனால் தனக்கு நேர்ந்த கொடுமையை ஜூன் அழுதபடி அதீனாவிடம் சொல்லியிருக்கிறாள். சில வாரங்களில் அது அதீனாவின் சிறுகதையாக அச்சில் வந்துவிடுகிறது. ஜூன் மட்டுமில்லை, அதீனாவைச் சுற்றியிருந்த வேறு சிலரின் வேதனையும் இப்படி அவள் எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சட்டம் இதில் தலையிடாது. அனுபவத்துக்குப் பதிப்புரிமை இல்லை.

இதைக் காட்டி இருவரும் சமம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அதீனா செய்தது நம்பிக்கைத் துரோகம், வலிக்கக்கூடியது. ஆனால் அதன்பிறகும் ஜூன் தன் கதையைத் தானே எழுதியிருக்க முடியும். ஜூன் செய்த பிறகு அதீனாவால் எதுவும் செய்ய முடியாது, அவள் செத்துவிட்டாள். இன்னொன்று: இந்தப் பழைய காயத்தை ஜூன் நமக்கு எப்போது சொல்கிறாள் என்று கவனியுங்கள். முதல் அத்தியாயத்தில் இல்லை. அவள் பக்கம் பலவீனமாகும்போது, வக்கீல் பைக்குள்ளிருந்து எடுப்பது போல எடுக்கிறாள்.

அப்படியானால் ஜூன் சொல்வதில் எதை நம்பலாம்?

நடந்தவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். காரணங்களை நம்ப வேண்டாம். அவள் நம்மிடம் செய்ததை ஒப்புக்கொள்கிறாள், ஒப்புக்கொள்ளும் வேகத்திலேயே பெயரை மாற்றிவிடுகிறாள். எடுத்தது என்பாள், திருடியது என்று சொல்ல மாட்டாள். இரண்டாவது முறையும் அப்படித்தான். அடுத்து எழுதும் ‘மதர் விட்ச்’ குறுநாவலின் முதல் பத்தி அதீனாவின் பழைய தாள்களிலிருந்து வந்தது. ஒரு பத்திதானே, மீதியெல்லாம் என்னுடையது என்கிறாள். ஆனால் அந்தப் பத்தியை ஒரு எழுத்துப் பட்டறையில் பலர் முன்பே படித்திருந்ததால் மாட்டிக்கொள்கிறாள்.

அதீனாவின் தாயைச் சந்திக்கும் காட்சியை மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மகளின் குறிப்பேடுகளை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க நினைக்கும் அந்த அம்மாவிடம், அதில் அந்தரங்கமான வேதனைகள் இருக்கும், ஊர் படிக்க வேண்டாம் என்று ஜூன் தடுக்கிறாள். சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூடத் தவறாகத் தெரியாது. தாய் நன்றி சொல்கிறாள். நாவலில் என்னைக் கூசவைத்த பக்கங்கள் இவைதான். பிரதியை எடுத்த இரவுகூட இவ்வளவு உறுத்தவில்லை.

இதுபோன்ற சம்பவங்கள் உண்மையில் நடந்திருக்கின்றனவா?

செத்தவரின் முழு நாவல் களவு போவது அரிது. சிறு அளவில் நிறைய உண்டு. 2006இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த காவ்யா விஸ்வநாதனின் முதல் நாவலில், இன்னொரு எழுத்தாளரின் நூல்களை ஒத்த பத்திகள் இருப்பதை மாணவர் நாளேடான ‘ஹார்வர்ட் கிரிம்சன்’ வெளிக்கொண்டு வந்தது. தெரியாமல் உள்வாங்கிவிட்டேன் என்றார் அவர். பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. 2020இல் ‘அமெரிக்கன் டர்ட்’ நாவல் விவகாரம் வேறு மாதிரி. மெக்சிகோ அகதிகளின் கதையை வெளியில் இருப்பவர் மேலோட்டமாக எழுதியதாகக் கிளம்பிய எதிர்ப்பில் பதிப்பகம் எழுத்தாளரின் புத்தக அறிமுகப் பயணத்தை ரத்து செய்தது. புத்தகம் அப்படியும் நன்றாகவே விற்றது. சர்ச்சை வந்தால் விற்பனை ஏறும் என்பதை ஜூனும் கண்டுபிடிக்கிறாள்.

ஒரு இனத்தின் கதையை அந்த இனத்தவர்தான் எழுத வேண்டும் என்கிறதா நாவல்?

இல்லை என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் வசதியாக வளர்ந்த அதீனாவுக்கும் அந்தத் தொழிலாளர்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தையும் குவாங் குத்திக் காட்டுகிறார். நாவல் பார்ப்பது ஜூன் என்ன எழுதினாள் என்பதை. ஜூனும் எடிட்டரும் சேர்ந்து திருத்தத் திருத்த, வெள்ளைக்காரப் பாத்திரங்களின் கொடுமை குறைகிறது, அனுதாபம் கூடுகிறது. வாசகருக்கு எளிதாக்குகிறோம் என்ற பெயரில் நடக்கும் வேலை அது.

சீனத் தொழிலாளர் படை உண்மையா?

உண்மை. முதல் உலகப் போரில் பிரிட்டனும் பிரான்சும் சுமார் 1,40,000 சீனர்களை வேலைக்கு எடுத்தன. பதுங்குகுழி வெட்டுவது, கப்பலில் சரக்கு இறக்குவது, போர் முடிந்தபின் வெடிக்காத குண்டுகளையும் பிணங்களையும் அகற்றுவது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. பிரிட்டன் எடுத்தவர்களின் மணிக்கட்டில் எண் பொறித்த பித்தளைப் பட்டை அடிக்கப்பட்டது. பெயரைவிட அந்த எண்தான் புழங்கியது. பிரான்சில் நுவாயெல்-சுர்-மேர் என்ற ஊரில் அவர்களுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 800க்கு மேல் கல்லறைகள். பெயர் பறிபோவதைப் பற்றிய நாவலுக்குள் இந்த வரலாற்றை வைத்தது நல்ல தேர்வு.

முடிவு திருப்தியாக இல்லையே?

வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில், ‘எக்சார்சிஸ்ட்’ பேய்ப் படத்தில் வந்த படிக்கட்டுக்கு ஜூனை வரவழைத்து, அவள் வாயாலேயே உண்மையைச் சொல்லவைத்துப் பதிவு செய்கிறாள் கேண்டிஸ். பின்பு அதையே புத்தகமாக்க ஒப்பந்தமும் பெறுகிறாள். ஜூன் அடங்கவில்லை, தன் தரப்பை எழுதத் திட்டம் போடுகிறாள். நாம் படித்து முடித்த புத்தகம் அதுதானோ என்று சந்தேகம் வருகிறது. படிக்கட்டுக் காட்சி சினிமாத்தனமானது, எனக்கும் பிடிக்கவில்லை. ட்விட்டர் சண்டைகளும் அளவுக்கு மீறி நீள்கின்றன. ஆனால் அவளுக்குத் தண்டனை கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இல்லை.

‘த லாஸ்ட் ஃப்ரன்ட்’ நாவலை உள்ளே எங்காவது படிக்க முடிகிறதா?

சுருக்கமும் பாராட்டும் நிறைய வருகின்றன, அந்த நாவல் மட்டும் முழு உருவில் வருவதேயில்லை. கண்ணில் படுவதும் ஜூன் காட்டுகிற அளவுக்குத்தான். எந்த வரி அதீனாவுடையது, எது ஜூன் சேர்த்தது என்று நான் இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தேன், பிரிக்க முடியவில்லை. அது இருந்த ஒரே தட்டச்சுப் பிரதி, முதல் அத்தியாயத்திலேயே ஜூனின் கைக்குப் போய்விட்டது.